மருந்தளவுக் கணக்கு: வார்டிலும் வீட்டிலும்

செவிலியர் ஒருவர் மருந்துக் குப்பியைக் கையில் எடுத்து, நோயாளியின் குறிப்பேட்டைப் பார்த்து, தாளில் கணக்கிட்டு, பிறகு மற்றொரு செவிலியரை அழைத்துச் சரிபார்க்கச் சொல்வதை வார்டில் நீங்கள் கண்டிருப்பீர்கள். "ஓர் ஊசி போட இவ்வளவு நேரமா?" என்று உடனிருப்போர் சலித்துக்கொள்வதும் உண்டு. அந்த ஓரிரு நிமிடங்களில் நடப்பது என்ன என்பதையும், அதே கணக்கு உங்கள் வீட்டிலும் ஏன் தேவைப்படுகிறது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

மூன்று எண்கள்

மருத்துவர் சீட்டில் எழுதுவது பெரும்பாலும் மருந்தின் எடை. அது மில்லிகிராமில் இருக்கும். சிரிஞ்சில் அளப்பதோ திரவத்தின் அளவு. அது மில்லியில் இருக்கும். இவ்விரண்டையும் இணைப்பது குப்பியின் மேல் அச்சிட்டிருக்கும் செறிவு. ஜென்டாமைசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தின் குப்பியில் '2 மில்லியில் 80 மில்லிகிராம்' என்றிருக்கிறது. நோயாளிக்கு வேண்டியது 60 மில்லிகிராம் என்று கொள்வோம். 60-ஐ 80-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கினால் 1.5 மில்லி. வேண்டியதை இருப்பதால் வகுத்து, அது கரைந்துள்ள மில்லியால் பெருக்குவது என்ற இந்த ஒரு விதிதான் செவிலியரின் அன்றாடக் கணக்கில் பெரும்பகுதி.

நம் பகுதி மக்களுக்கு இது புதிய கணக்கன்று. நாமக்கல்லில் கோழிகளின் எடைக்கு ஏற்பக் குடிநீரில் மருந்து கலக்கும் பண்ணைத் தொழிலாளியும், ஆத்தூரில் தெளிப்பான் டேங்குக்கு இத்தனை மில்லி என்று அளந்து ஊற்றும் விவசாயியும் இதே விகிதத்தைத்தான் போடுகிறார்கள். அங்கே காட்டும் கவனத்தைக் குழந்தையின் மருந்துப் புட்டியிடமும் காட்டினால் போதும்.

காய்ச்சல் மருந்து ஒன்று, செறிவு மூன்று

பாரசிட்டமால் திரவ மருந்து கடைகளில் பல செறிவுகளில் கிடைக்கிறது. ஒரு புட்டியில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். இன்னொன்றில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். ஒரு வேளைக்குரிய அளவு குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை என்று கணக்கிடப்படும். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 150 மில்லிகிராம். முதல் புட்டியில் இது 6 மில்லி. இரண்டாவதில் 3 மில்லி. சொட்டு மருந்தில் 1.5 மில்லி மட்டுமே.

சென்ற முறை 6 மில்லி கொடுத்த நினைவில், இம்முறை சொட்டு மருந்தையும் 6 மில்லி ஊற்றினால் குழந்தைக்குள் செல்வது 600 மில்லிகிராம். வேண்டியதைப் போல் நான்கு மடங்கு. இத்தகைய அளவு தொடர்ந்து சென்றால் கல்லீரல் பழுதுபடும். பாலாடையிலும் சமையலறைக் கரண்டியிலும் அளவுக்கோடு கிடையாது. மருந்துடன் வரும் அளவுமூடி, சொட்டுக்குழாய் அல்லது ஊசியில்லாத சிரிஞ்சினால் அளந்த பின்னரே பாலாடையில் ஊற்றிப் புகட்டுங்கள். இரு வேளைகளுக்கிடையே குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டா.

சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்

நம் நாட்டில் இந்தக் கணக்கு அதிகமாகத் தடுமாறும் இடம் இன்சுலின். இங்கே குப்பியில் விற்கப்படும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் செறிவுள்ளது. பேனாவில் பொருத்தும் இன்சுலினோ ஒரு மில்லிக்கு 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனிச் சிரிஞ்சுகள் உண்டு: 40 யூனிட்டுக்கானது வழக்கமாகச் சிவப்பு மூடி, 100 யூனிட்டுக்கானது ஆரஞ்சு மூடி.

திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியுடன் வடமாநிலம் சென்று மாதக்கணக்கில் தங்கும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஊரிலிருந்து கொண்டுபோனது 40 யூனிட் குப்பி. சிரிஞ்சு தீர்ந்து அங்கே கடையில் வாங்கியது ஆரஞ்சு மூடி. வழக்கம்போல் 20 என்ற கோடு வரை இழுக்கிறார். அந்தச் சிரிஞ்சில் 20 என்பது 0.2 மில்லி, ஆகவே உடலில் சேர்வது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். மருந்து வேலை செய்யவில்லை என்று அவர் நினைப்பார்.

இதன் மறுதலை உடனடி ஆபத்து. பேனாவுக்குரிய 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் அது அரை மில்லி. 50 யூனிட் உள்ளே போய்விடும். வியர்வை, நடுக்கம், கடும்பசி, மனக்குழப்பம், இறுதியில் நினைவிழப்பு வரை செல்லக்கூடும். நினைவுள்ளவருக்கு உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். பேனாவின் மருந்தை ஒருபோதும் சிரிஞ்சால் இழுக்காதீர்கள். மூடியின் நிறத்தோடு நின்றுவிடாமல், சிரிஞ்சிலும் குப்பியிலும் அச்சிட்ட எண் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு புள்ளியும் சில பூச்சியங்களும்

2007-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், நடிகர் டென்னிஸ் குவெய்டின் பச்சிளம் இரட்டைக் குழந்தைகளுக்கு இரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின் மருந்து தரப்பட்டது. மில்லிக்கு 10 யூனிட் உள்ள மருந்துக்குப் பதிலாக 10,000 யூனிட் உள்ளது சென்றுவிட்டது. அதாவது ஆயிரம் மடங்கு. குழந்தைகள் உயிர் பிழைத்தனர். 2017-இல் உலக சுகாதார நிறுவனம் மருந்துகளால் நேரும் தவிர்க்கக்கூடிய தீங்குகளைக் குறைப்பதற்கென உலகளாவிய முயற்சி ஒன்றைத் தொடங்கியது.

வசதி மிகுந்த மருத்துவமனையிலும் இது நேரக்கூடும் என்பதால்தான் சில கட்டுப்பாடுகள் வகுக்கப்பட்டுள்ளன. அரை மில்லிகிராமை '0.5' என்று எழுத வேண்டும், வெறும் '.5' என்றால் புள்ளி மங்கி 5 ஆகிவிடும். ஐந்தை '5.0' என்று எழுதலாகாது. அது 50 ஆகத் தோன்றும். இன்சுலின், ஹெப்பாரின் போன்ற மருந்துகளுக்கு இரு செவிலியர் தனித்தனியே கணக்கிட்டு விடையை ஒப்பிடுவார்கள். முதலாமவரின் விடையைக் கேட்டுத் தலையசைப்பது சரிபார்ப்பு ஆகாது.

டிரிப்ஸ் வேகமும் கணக்குதான்

500 மில்லி திரவம் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டுகள் என்றால், மொத்தம் 10,000 சொட்டுகள், 480 நிமிடங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 21 சொட்டுகள். சீக்கிரம் முடியட்டும் என்று உடனிருப்போர் குழாயின் உருளையைத் தளர்த்திவிடுவதுண்டு. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு அந்த வேகம் நுரையீரலில் நீர் கோக்கச் செய்து மூச்சுத்திணறலை உண்டாக்கும். உருளையைத் தொடாமல் செவிலியரை அழையுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

மருத்துவமனைக்கு வரும்போது குழந்தையின் அண்மைக்கால எடையை அறிந்து வாருங்கள். பழைய புட்டியையும் சிரிஞ்சையும் உடன் கொண்டுவாருங்கள். மருந்துக்கடையில் வேறு நிறுவனத்தின் மருந்தைத் தந்தால், செறிவு அதேதானா என்று கேளுங்கள். வீடு திரும்பும் முன், எத்தனை மில்லி என்பதைச் செவிலியர் முன்னிலையில் ஒருமுறை நீங்களே அளந்து காட்டுங்கள். செவிலியர் மருந்து கணக்கிடும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். முடித்த பின் தயங்காமல் கேளுங்கள். "இது எவ்வளவு? ஏன் நேற்றைவிடக் கூடுதல்?" என்ற உங்கள் கேள்வியை எந்த நல்ல செவிலியரும் குறையாகக் கருதமாட்டார், அது மூன்றாவது சரிபார்ப்பாக அமையும்.