தட்டிப் பாருங்கள், படகு பேசும்!

ஐந்தருவியில் ஆசை தீரக் குளித்தவர்கள் அடுத்தபடி போகிற இடம், சாலையோரத்து வெண்ணமடைக் குளம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை அங்கேதான் இருக்கிறது. ஜூனில் சாரல் இறங்கி, அருவி நீர் வந்து குளம் நிரம்பிவிட்டால், குழந்தைகளைக் கையில் பிடிக்க முடியாது!

படகில் ஏறும்போது காலடியில் மேல்தளம் மெத்தைபோல் அமுங்கினால் மகிழ்ந்துவிடாதீர்கள். அது நோய்!

ஃபைபர் கிளாஸ் உளுத்துப்போகாது என்பது மெய்தான். ஆனால் பல படகுகளின் மேல்தளம், இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே பலகை வைத்துச் செய்தது. திருகாணித் துளை வழியே நீர் கசிந்தால் உள்ளே பலகை மக்கிவிடும். வெளியே பளபளப்போ குறையாது! சிறு சுத்தியலால் தட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். நல்ல இடம் 'டண்' என்னும். மக்கிய இடம் 'தொப்' என்னும்.

வைத்தியம்? மேல்தோலை வெட்டியெடுத்து, மக்கியதைச் சுரண்டி, நன்றாக உலர்த்தி, புதுப் பலகை பதிக்க வேண்டும். வெட்டிய விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, ரெஸின் தோய்த்த இழைப் பாயை அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். சரிவில்லாத ஒட்டு விளிம்பிலேயே விண்டுவிடும்.

உட்கூடு என்று ஒன்று உண்டு. இருக்கையும் தரையும் சேர்த்து வார்த்த உள் ஓடு அது. வெறும் அழகுக்கல்ல, பல படகுகளுக்கு விலா எலும்பே அதுதான். முட்டுக் கொடுக்காமல் அதைப் பெயர்த்தால் அடி ஓடு கோணிக்கொள்ளும். பிறகு மேல்தளம் பொருந்தவே பொருந்தாது.

ஈரத்தில் ரெஸின் சரியாகப் பிடிக்காது. ஆகவே, எல்லாம் சித்திரை வெயிலிலேயே முடிந்தாக வேண்டும். சாரல் எப்போது வரும் என்று ஊரே காத்திருக்கும். படகைப் பழுது பார்ப்பவர் மட்டும், 'இன்னும் பத்து நாள் பொறுக்கக் கூடாதா?' என்று மேற்கே மலையைப் பார்ப்பார்!