இணையவழிச் சமூகங்களில் ஒத்துழைப்பும் தண்டனையும்

குடியியற் கல்வி – தரம் 10, 11 – விளக்கக் கட்டுரை



உங்கள் பாடசாலையில் சிரமதானம் ஒன்று நடைபெறுவதாகக் கொள்ளுங்கள். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் முப்பத்தைந்து பேர் வெயிலில் நின்று புல் செருக்குகின்றனர். ஐவர் மாத்திரம் கட்டடத்தின் பின்புறம் நிழலில் இருந்து கதைக்கின்றனர். தேநீர் வந்ததும் அந்த ஐவருமே முதலில் வந்து நிற்கின்றனர். துப்புரவான மைதானத்தில் மறுநாள் அவர்களும் விளையாடுகின்றனர். "அவர்கள் செய்யாத வேலையை நான் மட்டும் ஏன் செய்யவேண்டும்?" என்று மற்றவர்களும் எண்ணத் தொடங்கினால், அடுத்த சிரமதானத்தில் நிழலில் இருப்போரின் தொகை ஐந்தாக இராது.

பலர் கூடிப் பயன்பெறும் இடங்கள் யாவற்றிலும் இச்சிக்கல் உண்டு. ஆயிரக்கணக்கானோர் முகம் தெரியாமற் கூடும் இணையத்தில் இது மேலும் கூர்மையடைகின்றது. அங்கு ஒத்துழைப்பு எவ்வாறு நிலைக்கின்றது, தண்டனை எப்போது உதவுகின்றது, எப்போது கெடுதல் செய்கின்றது என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. அறிந்திருக்க வேண்டிய சொற்கள்

பொதுப் பண்டம்: ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாததும், பங்களிக்காதவரை விலக்கி வைப்பதற்குக் கடினமானதுமான பயன். உதாரணம்: தெரு விளக்கு, எவரும் வாசிக்கக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம்.

பங்களிக்காது பயன்பெறுபவர்: மற்றவர்களின் உழைப்பினால் விளைந்த பயனைத் தாம் எதுவும் செய்யாது அனுபவிப்பவர்.

சமூக நியமம்: எழுதப்படாவிடினும் ஒரு குழுவினர் சரியென ஏற்று எதிர்பார்க்கும் நடத்தை.

தண்டனை: நியமத்தை மீறியவருக்கு ஏற்படுத்தப்படும் இழப்பு. கண்டித்தல், குற்றப்பணம், குழுவிலிருந்து சில காலம் விலக்கல் என்பன இதில் அடங்கும்.

2. சூரிச் பரிசோதனை

பொருளியலாளர்களான ஏர்ன்ஸ்ற் ஃபேர், சைமன் கெக்ரர் ஆகியோர் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் 240 மாணவர்களைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவுகள் 2002 ஆம் ஆண்டில் வெளியாகின. அதன் விதிகள் எளிமையானவை. குழு ஒன்றில் நால்வர். ஒவ்வொருவருக்கும் 20 பண அலகுகள் வழங்கப்படும். அதில் விரும்பிய அளவைப் பொது நிதிக்குக் கொடுக்கலாம். எஞ்சியதைத் தாமே வைத்திருக்கலாம். பொது நிதிக்குச் சேரும் ஒவ்வோர் அலகுக்கும் நால்வரும் தலா 0.4 அலகு பெறுவர். கணக்கைப் பாருங்கள்.

(அ) நால்வரும் 20 வீதம் கொடுத்தால்: பொது நிதி 80. ஒவ்வொருவரும் பெறுவது 80 × 0.4 = 32.
(ஆ) எவரும் கொடுக்காவிடின்: ஒவ்வொருவரிடமும் எஞ்சுவது 20.
(இ) மூவர் கொடுத்து ஒருவர் கொடுக்காவிடின்: பொது நிதி 60. மூவரும் பெறுவது 60 × 0.4 = 24. கொடுக்காதவர் பெறுவது 20 + 24 = 44.

எல்லோரும் ஒத்துழைத்தால் எல்லோருக்கும் நன்மை. எனினும் தனியொருவர் ஏமாற்றினால் அவருக்கே கூடிய இலாபம். எல்லோரும் அவ்வாறே நினைத்தால் முடிவு (ஆ) ஆகும். நடந்ததும் ஏறத்தாழ அதுவே. தண்டனைக்கு இடமில்லாத சுற்றுக்களின் இறுதியில், பங்குபற்றியோரில் ஏறத்தாழ முக்காற்பங்கினர் 5 அலகோ அதற்குக் குறைவாகவோ கொடுத்தனர்.

வேறு சுற்றுக்களில் புதிய விதியொன்று சேர்க்கப்பட்டது. ஒவ்வொருவரும் மற்றவர் கொடுத்த அளவை அறிந்தபின், விரும்பினால் அவரைத் தண்டிக்கலாம். தண்டிப்பவர் தமது 1 அலகைச் செலவிட்டால் தண்டிக்கப்படுபவர் 3 அலகை இழப்பார். இப்போது நிலைமை மாறியது. இறுதிச் சுற்றில் முக்காற்பங்குக்கும் மேற்பட்டோர் 15 அலகோ அதற்குக் கூடுதலாகவோ கொடுத்தனர்.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு முறை சந்தித்தவரை மீண்டும் சந்திக்காதவாறு குழுக்கள் மாற்றப்பட்டன. ஆகவே தண்டித்தவருக்குப் பிற்பாடு கிடைக்கும் ஆதாயம் எதுவுமில்லை. இருந்தும் பலர் தம் பணத்தைச் செலவிட்டுத் தண்டித்தனர். பங்களிக்காதவர்மீது ஏற்பட்ட கோபமே அவர்களைத் தூண்டியது என்பது ஆய்வாளர்களின் விளக்கமாகும்.

இதிலிருந்து பெறப்படுவது: தண்டனைக்கு இடமிருப்பது ஒத்துழைப்பைக் காக்கக்கூடும்.

3. தண்டனை தவறும் சந்தர்ப்பங்கள்

"அப்படியாயின் தண்டனையைக் கூட்டினால் ஒழுங்கு கூடும்" என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். பின்வரும் மூன்று சந்தர்ப்பங்களையும் நோக்குக.

(i) நல்லவர் தண்டிக்கப்படல்

இதே வகையான பரிசோதனை உலகின் 16 நகரங்களில் நடத்தப்பட்டு அதன் முடிவுகள் 2008 இல் வெளியாகின. பொஸ்ரன், மெல்பேர்ண் போன்ற நகரங்களிற் பெரும்பாலும் குறைவாகக் கொடுத்தவர்களே தண்டிக்கப்பட்டனர். ஆனால் ஏதென்ஸ், மஸ்கற் போன்ற நகரங்களில் கூடுதலாகக் கொடுத்தவர்களும் பெருமளவிற் தண்டிக்கப்பட்டனர். இது சமூகவிரோதத் தண்டனை எனப்படும். தம்மைத் தண்டித்தவரைப் பழிவாங்கும் எண்ணம் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது. சட்டத்தின் ஆட்சியும் குடிமை நியமங்களும் பலவீனமான சமூகங்களில் இது கூடுதலாகக் காணப்பட்டது. இத்தகைய இடங்களில் தண்டனை இருந்தும் ஒத்துழைப்பு எதிர்பார்த்தவாறு வளரவில்லை.

(ii) தண்டனை விலையாக மாறல்

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 சிறுவர் பராமரிப்பு நிலையங்களில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2000 ஆம் ஆண்டில் வெளியானது. பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பெற்றோர் பிந்தி வருவதைக் குறைக்க 6 நிலையங்களிற் குற்றப்பணம் அறிமுகமானது. 10 நிமிடத்துக்கு மேல் பிந்தினால் 10 செக்கல். விளைவு தலைகீழானது: பிந்தி வருவோர் தொகை கூடி ஏறத்தாழ இருமடங்காகியது. முன்னர் ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்று கூச்சப்பட்ட பெற்றோர், இப்போது "பணம் கட்டுகிறோம்தானே" என எண்ணினர். குற்றப்பணம் நீக்கப்பட்ட பின்னரும் தொகை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வெட்கமும் கடமையுணர்வும் காத்த நியமத்தைப் பணம் விலைக்கு வாங்கிவிட்டது.

(iii) புதியவர் விரட்டப்படல்

ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்பாகப் பங்களிப்போரின் தொகை 2007 ஆம் ஆண்டில் உச்சத்தை அடைந்து பின்னர் வீழ்ச்சியடைந்தது. நாசவேலையைத் தடுப்பதற்கென உருவான கடும் விதிகளும் தன்னியக்கக் கருவிகளும், நல்ல நோக்குடன் வந்து தெரியாமற் பிழைவிட்ட புதியவர்களையும் விரட்டியமை இதற்கு ஒரு காரணம் என 2013 இல் வெளியான ஆய்வு காட்டியது. களை பிடுங்கியபோது நாற்றும் சேர்ந்து வந்துவிட்டது.

4. எலினோர் ஒஸ்ட்ரொம் கண்ட வழி

அமெரிக்க அறிஞரான எலினோர் ஒஸ்ட்ரொம் (1933 – 2012), மேய்ச்சல் நிலம், நீர்ப்பாசனம், மீன்பிடி முதலிய பொது வளங்களை மக்கள் தாமே எவ்வாறு நிருவகிக்கின்றனர் என ஆராய்ந்தார். 2009 ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண் இவரேயாவார். 1990 இல் வெளிவந்த அவரது நூலில் எமது நாட்டின் உதாரணங்களும் உண்டு. தென் கரையோரக் கிராமமாகிய மாவெல்லவில் கரைவலை இழுப்போர் முறை வைத்துத் தொழில் செய்தனர். முறை ஒழுங்காக இருந்தும், வலைகளின் தொகை தேவைக்கு மேற் பெருகியமையால் ஒவ்வொருவரின் பங்கும் சுருங்கியது. வலைகளின் தொகையைக் கட்டுப்படுத்தும் விதி நடைமுறையில் காக்கப்படவில்லை. ஏட்டில் உள்ள விதி மாத்திரம் போதாது என்பதற்கு இது சான்றாகும்.

நீடித்து நிலைத்த சமூகங்களில் அவர் கண்ட பண்புகளுட் சில:

1. உறுப்பினர் யார், எல்லை எது என்பது தெளிவாக இருத்தல்.
2. விதியினாற் பாதிக்கப்படுவோர் விதியை ஆக்குவதிலும் பங்குபற்றல்.
3. கண்காணிப்பவர் அச்சமூகத்துக்குப் பொறுப்புக்கூறல்.
4. தண்டனை படிமுறையாக அமைதல். முதற் பிழைக்குச் சிறிது. திரும்பத் திரும்பச் செய்தாற் பெரிது.
5. பிணக்குகளைக் குறைந்த செலவில், விரைவாகத் தீர்க்க வழி இருத்தல்.

நான்காவது பண்பை நன்கு விளங்கிக்கொள்க. முதற் பிழைக்கே பெருந்தண்டனை வழங்கினால் தவறியவர் திருந்தமாட்டார். வெளியேறுவார் அல்லது பகைவராவார். சிறு தண்டனை "உன்னைக் கவனிக்கின்றோம், நீ இன்னும் எம்மவனே" என்ற இரு செய்திகளையும் ஒன்றாகச் சொல்கின்றது.

5. இணையத்தில் ஓர் உதாரணம்

விக்கிப்பீடியா 2001 சனவரி 15 இல் ஆரம்பமானது. தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் உருவானது. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்ற இடம் எவ்வாறு குலையாமல் நிற்கின்றது? ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைமுறைகளை ஒஸ்ட்ரொம் கூறிய பண்புகளுடன் ஒப்பிடுக.

• ஒவ்வொரு மாற்றமும் பக்க வரலாற்றிற் பதிவாகும். எனவே குற்றச்சாட்டுக்குச் சான்று காட்டலாம். சேதத்தை உடனே சீர்செய்யலாம்.
• நாசவேலை செய்பவருக்கு முதலில் மென்மையான அறிவித்தல், பின்னர் கடுமையான எச்சரிக்கை, அதன் பின்னரே தடை.
• ஒரே பக்கத்தில் 24 மணித்தியாலத்துள் மூன்று தடவைக்கு மேல் மற்றவர் எழுதியதை மாற்றி முன்னைய நிலைக்குக் கொண்டுவருபவர் தடை செய்யப்படலாம். தம் பக்கம் நியாயம் இருப்பதாக அவர் கருதினாலும் விதி அதுவே.
• தாம் சம்பந்தப்பட்ட பிணக்கில் நிருவாகி தம் அதிகாரத்தைப் பயன்படுத்தலாகாது.
• தடை செய்யப்பட்டவர் மேன்முறையீடு செய்யலாம். கடினமான பிணக்குகளுக்கு 2004 முதல் நடுவர் குழு ஒன்று உண்டு.

எனினும் மேலே 3 (iii) இல் கண்டவாறு, இத்தனை ஒழுங்குகள் இருந்தும் புதியவர்கள் பாதிக்கப்பட்டனர். விதி நல்லதாக இருப்பதோடு அதனைக் கையாள்பவரின் பொறுமையும் வேண்டும்.

6. இது உங்களுக்கு எவ்வாறு பொருந்தும்?

உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாணவி மற்றொருவரை இழிவாக எழுதியதாக ஒரு திரைப்படம், அதாவது கைபேசித் திரையைப் படமெடுத்த பிரதி, பகிரப்படுகின்றது என வைத்துக்கொள்வோம். சில நிமிடங்களில் முப்பது பேர் அவளைத் திட்டுகின்றனர். நிருவாகி அவளை நீக்கிவிடுகின்றார். மறுநாள் அப்பிரதி போலியானது எனத் தெரியவருகின்றது. குழுவில் மீண்டும் சேர்க்கலாம். முப்பது பேரின் சொற்களை அவள் மனதிலிருந்து எடுக்க முடியுமா?

சூரிச் பரிசோதனையுடன் ஒப்பிடுக. அங்கு தண்டிப்பவர் 1 அலகை இழக்க வேண்டியிருந்தது. ஆதலால் யோசித்தார். இணையத்திற் திட்டுவதற்குச் செலவு எதுவுமில்லை. திட்டும் ஒவ்வொருவருக்கும் தாம் எழுதியது ஒரு வரிதான். பெறுபவருக்கோ அது முப்பது வரிகள். தண்டனையின் மொத்த அளவை எவரும் கணக்கிடுவதில்லை. எழுதியவர்கள் யாவரும் நியாயத்துக்காகவே கோபப்பட்டதாக நம்பினர் என்பதே இதிலுள்ள ஆபத்தாகும்.

ஆகவே கண்டிக்க முன்னர் நான்கு வினாக்களைக் கேளுங்கள்: சான்று உண்மையானதா? சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்கப்பட்டதா? தண்டனை பிழையின் அளவுக்கு ஏற்றதா? அவர் திருந்தி மீள வழி உண்டா?

அதேவேளை, பேசாமலிருப்பதும் எப்போதும் சரியாகாது. ஒருவர் துன்புறுத்தப்படுவதைக் கண்டும் ஒதுங்குபவர், சிரமதானத்தில் நிழலில் இருந்தவருக்கு ஒப்பானவர். அமைதியாக "இது சரியில்லை" என எழுதுவதும், பாதிக்கப்பட்டவருடன் தனியே கதைப்பதும் பங்களிப்புத்தான். அச்சுறுத்தல், பணம் பறித்தல், ஒருவரின் கணக்கினுட் திருட்டுத்தனமாகப் புகுதல் போன்றவை குழு தீர்த்துக்கொள்ளும் விடயங்கள் அல்ல. சான்றை அழிக்காமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுங்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் போன்ற சட்டங்கள் இதற்கென உள்ளன.

நினைவிற் கொள்க

• தண்டனை இல்லாதவிடத்து ஒத்துழைப்புத் தேய்ந்து போகலாம்.
• தவறான தண்டனை ஒத்துழைப்பையே தண்டிக்கும்.
• சான்று, விளக்கம் கேட்டல், படிமுறை, மேன்முறையீடு ஆகிய நான்கும் நீதியான தண்டனையின் அடையாளங்கள்.

மாதிரி வினாக்கள்

1. மேற்கூறிய பரிசோதனையில் இருவர் 20 அலகு வீதம் கொடுத்து, மற்றைய இருவரும் எதுவும் கொடுக்காவிடின் ஒவ்வொருவரும் பெறுவது எவ்வளவு? கொடுத்தவர்களின் நிலை பற்றி நீர் கூறுவது யாது?

விடை: பொது நிதி 40. அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் 40 × 0.4 = 16. கொடுத்தவர் பெறுவது 16. கொடுக்காதவர் பெறுவது 20 + 16 = 36. எவருமே கொடுக்காதிருந்தால் கிடைக்கும் 20 ஐ விடக் கொடுத்தவர் குறைவாகவே பெறுகின்றனர். நல்லவர்கள் காலப்போக்கில் பங்களிப்பைக் கைவிடுவதற்கு இதுவே காரணம்.

2. ஹைஃபா நகர ஆய்விலிருந்து பாடசாலை ஒழுக்க விதிகளுக்குப் பெறக்கூடிய பாடம் ஒன்றைக் குறிப்பிடுக.

விடைக் குறிப்பு: பணத் தண்டம் கடமையுணர்வை அகற்றி, தவறை விலை கொடுத்து வாங்கும் பொருளாக மாற்றக்கூடும். பிழையினால் யார் பாதிக்கப்படுகின்றார் என்பதை உணரச் செய்தலும் அவசியம்.

3. உமது வகுப்பு இணையக் குழுவுக்கு ஐந்து விதிகளை ஆக்குக. ஒவ்வொன்றும் ஒஸ்ட்ரொம் கூறிய எந்தப் பண்புடன் தொடர்புடையது எனக் காட்டுக.

மூன்றாம் வினாவுக்குத் தனியே விடை எழுதாமல், வகுப்பு நண்பர்களுடன் கூடியிருந்து எழுதிப் பாருங்கள். அவ்விதிகளை உங்கள் குழுவில் உண்மையாகவே நடைமுறைப்படுத்தினால், பரீட்சையில் மாத்திரமன்றி அதற்கு வெளியேயும் இப்பாடம் பயன்தரும்.