கலப்பு மெய்ம்மையும் வீட்டு விமானப் பயிற்சியும்

விமானஞ் செலுத்தக் கற்போன் முதற்கண் அறிய வேண்டுவது, தன் கண்ணையும் கருவியையும் எவ்வளவு நம்பலாம் என்பதேயாம். இவ்வுண்மைக்கு நோட்டன் பிரிட்ஜ் அருகிலுள்ள சப்த கன்னியர் மலையே சான்றாக நிற்கின்றது. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு, சுராபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த மார்ட்டின்எயர் டி.சி.-8 விமானம் அம்மலையில் மோதிற்று. பயணிகள் 182 பேரும் பணியாளர் 9 பேரும் மாண்டனர். டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் சார்ந்து தம் இருப்பிடத்தைப் பிழையாகக் கணித்த விமானிகள், விமான நிலையத்தை அணுகிவிட்டதாக எண்ணிப் பாதுகாப்பான உயரத்திற்குக் கீழே இறங்கினர் என்பது விசாரணையின் முடிபு.

இத்தகைய பிழைகளைத் தரையிலிருந்தே செய்து திருந்துதற்கு எழுந்தவையே பயிற்சிப் பொறிகள். 1929இல் எட்வின் லிங்க் என்பார் துருத்திகளால் அசையும் பயிற்சிப் பெட்டியொன்றை அமைத்தார். பின்னர்க் கணினித் திரை வந்தது. அதன் காட்சியோ குறுகியது. அடுத்து வந்த மெய்நிகர் தலையணி வானம் முழுவதையும் காட்டிற்று; ஆயின் அணிந்தோன் தன் கைகளையும் சுக்கானையும் காணவியலாது தடவ வேண்டியவனானான்.

இக்குறையை நீக்குவது கலப்பு மெய்ம்மைத் தலையணி. இதன் முகப்பிலுள்ள படக்கருவிகள் அறையைப் படம்பிடித்து, இரு கண்களுக்கும் சிறிது வேறுபட்ட காட்சிகளாகத் தருதலின், ஆழம் புலப்படுகின்றது. யன்னல் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைத் துணியைத் தொங்கவிடின், கணினி அந்நிறத்தை நீக்கி அவ்விடத்தே மலையையும் முகிலையும் தீட்டும். தலையைத் திருப்பினால் காட்சியுந் திரும்பும். கையும் சுக்கானும் பொத்தான்களும் மெய்யாகவே தெரியும்.

இதனை அணிந்து நமது மலைநாட்டின்மேல் இரவில் பறந்து பார்ப்போன் ஒன்றை உணர்வான்: யன்னலில் தெரிவது இருள் மட்டுமே. இருப்பிடம் ஐயமாயின், வரைபடங் குறிக்கும் குறைந்தபட்ச உயரத்தை விட்டு இறங்கலாகாது என்னும் விதியின் பொருள் அப்போதே உள்ளத்திற் பதியும்.

எனினும் இக்கருவிக்கும் எல்லையுண்டு. கண் அசைவைக் காண, உடல் அசையாதிருத்தலின் சிலர்க்குத் தலைச்சுற்றல் உண்டாகும். அங்கீகாரம் பெறாத வீட்டுக் கருவியிற் கழித்த நேரம் விமானி உரிமத்திற்கான கணக்கிற் சேராது. மேலும், எத்தனை முறை மோதினும் மீண்டும் தொடங்கலாம் என்னும் வசதி அச்சத்தைக் குறைத்துவிடும். மேசையிற் செய்த பிழைக்கு மறுமுறை உண்டு. அம்மலையில் மாண்ட 191 பேருக்கு அஃது இருக்கவில்லை. இந்நினைவோடு பயில்வோனுக்கே இது கல்வியாகும், ஏனையோர்க்கு விளையாட்டே.