நூறு மைல், நூறு டிகிரி

ஊருக்கு நூறு வயது நிறைந்தால் நாம் பந்தலிட்டுப் பேசுவோம். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து விச்சிட்டா பால்ஸ் நகரத்தாரோ 1982-இல் சைக்கிள் ஏறினர். நூறு டிகிரி பாரன்ஹீட்டை எட்டும் ஆகஸ்டு வெயிலில் நூறு மைல்! தில்லியிலும் நாகபுரியிலும் குடித்தனம் நடத்தும் நமக்கு அந்த 38 செல்சியஸ் பெரிதன்று. ஆனால் அதில் 161 கிலோமீட்டர் மிதிப்பதென்றால்?

அது ஆண்டுவிழாவாகவே நிலைத்துவிட்டது. விடியலில் புறப்படுகின்றனர். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் வெறும் நீர் போதாது. பாதி வழிக்கு அப்பால் ‘நரக வாயில்’ என்றோர் இடம். குறித்த நேரத்துக்குள் அதை எட்டாதவரைக் குறுகிய வழியில் ஊருக்குத் திருப்பிவிடுவர். காலில் இன்னும் வலுவிருக்கிறதே என்று மனம் குமுறும். வெப்பத்தால் மதி மயங்குபவர் தம் மயக்கத்தைப் பெரும்பாலும் தாமே அறிவதில்லை. ஆகவே முடிவைக் கடிகாரத்திடம் விட்டிருக்கின்றனர். வாயிலைக் கடந்தவருக்கோ, எஞ்சிய மைல்களும் உச்சி வெயிலும் காத்திருக்கின்றன.