பட்டன் கத்தியும் பாட்டியின் பால் கத்தியும்

போன பள்ளி விடுமுறையில் ஈப்போவுக்குப் போயிருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அக்கா மகன் கைப்பேசியை என் முன்னால் நீட்டினான்.

"மாமா, இதப் பாருங்க. சாதாரண மடக்குக் கத்திதான். உள்ள ஸ்பிரிங் வெச்சு மாத்திக் கொடுக்குறாங்க. பட்டன அமுக்குனா போதும், சட்டுனு திறந்துக்கும். நல்லா இருக்குல்ல?"

அவனுக்கு வயது பத்தொன்பது. பாலிடெக்னிக்கில் படிக்கிறான். வார இறுதியில் நண்பர்களோடு மீன் பிடிக்கப் போவான், கூடாரம் அடிப்பான். அவனுக்குக் கத்தி தேவைதான். எடுத்த எடுப்பில் "வேண்டாம்" என்று சொல்லலாம். ஆனால் காரணம் சொல்லாமல் தடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் அன்றிரவு மூன்று தலைமுறையும் உட்கார்ந்து கத்தியைப் பற்றிப் பேசினோம்.

உள்ளே என்ன நடக்கிறது?

சாதாரண மடக்குக் கத்தியைக் கட்டை விரலாலோ நகத்தாலோ நாம்தான் திறக்க வேண்டும். தானியங்கிக் கத்தியில் அந்த வேலையைப் பிடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் செய்கிறது. கத்தி மடங்கியிருக்கும்போதும் ஸ்பிரிங் அதை வெளியே தள்ளிக்கொண்டேதான் இருக்கும். பட்டனோடு சேர்ந்த ஒரு சிறு முளை அலகைத் தடுத்து வைத்திருக்கும். பட்டனை அமுக்கினால் தடை விலகும், அலகு பாய்ந்து வெளியே வரும். பல கத்திகளில் திறந்த அலகை மடங்காமல் பூட்டி வைப்பதும் அதே பட்டன்தான்.

அமெரிக்காவில் கையால் திறக்கும் கத்திகளை வாங்கி இப்படி மாற்றிக் கொடுப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை நுணுக்கமான கைவேலை என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அங்கேயே அதற்கு எல்லை உண்டு. 1958-இல் வந்த மத்திய சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் இத்தகைய கத்திகளை வணிகம் செய்யத் தடை விதித்தது. அதில் ஒரு விலக்கு கவனிக்கத்தக்கது. ஒரு கை மட்டுமே உள்ளவர் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள தானியங்கிக் கத்தியை வைத்துக்கொள்ளலாம். இரண்டு கை உள்ளவருக்கு இது அத்தியாவசியம் இல்லை என்பதை அந்தச் சட்டமே சொல்லாமல் சொல்கிறது.

பிரிட்டனில் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்குள் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது.

நம் நாட்டில்?

மலேசியாவில் இதற்கான சட்டமும் அதே 1958-ஆம் ஆண்டில் வந்ததுதான். அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், அபாய ஆயுதங்கள் சட்டம் என்பது அதன் பெயர். பட்டனையோ ஸ்பிரிங்கையோ அமுக்கினால் தானாகத் திறக்கும் கத்தி, அந்தச் சட்டத்தின்படி அட்டவணையில் உள்ள ஆயுதம். செய்வது, விற்பது, வாடகைக்கு விடுவது, இன்னொருவருக்குக் கொடுப்பது எல்லாமே குற்றம். "கூட்டாளிக்குப் பிறந்தநாள் பரிசு" என்பதும் இதில் அடங்கும்.

இறக்குமதியும் முடியாது. குத்துவாள்களும் பட்டன் கத்திகளும் சுங்கத் துறையின் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் உள்ளன. வெளிநாட்டு இணையக் கடை பணத்தை வாங்கிக்கொண்டு பொட்டலத்தை அனுப்பிவிடும். அதில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்கும்.

"அப்போ சாதாரண மடக்குக் கத்தி?" என்று கேட்டான். அதற்குத்தான் 6-ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டப்பூர்வமான அதிகாரமோ நோக்கமோ இல்லாமல் பொது இடத்தில் அபாய ஆயுதம் வைத்திருந்தால், குறைந்தது 5 ஆண்டு, கூடினால் 10 ஆண்டு சிறை. பிரம்படியும் உண்டு. குறைந்தபட்சமே ஐந்து ஆண்டு என்பதை இன்னொரு முறை படியுங்கள். டிப்ளோமா முடித்து, வேலைக்குப் போய், முதல் கார் வாங்குகிற காலம் அது.

மீன் பிடிக்கப் போகும்போது தூண்டில் பெட்டிக்குள் இருக்கும் கத்திக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதே கத்தி இரவு பதினொரு மணிக்கு உணவுக் கடைக்குப் போகும்போது இடுப்பில் இருந்தால் என்ன காரணம் சொல்வது? "சும்மா வெச்சிருந்தேன்" என்ற பதில் சாலைத் தடுப்பில் நிற்கும் போலீஸ்காரரிடம் செல்லாது. காரின் கையுறைப் பெட்டியில் மறந்துபோய்க் கிடப்பதும் அப்படித்தான். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைப் பெற்றோர் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

பாட்டி எடுத்து வந்த கத்தி

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி எழுந்து உள்ளே போனார். துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டு அவர் பால் வெட்டிய கத்தி. தோட்டம் செம்பனையாகி, லயமும் போய்விட்டது. கத்தி மட்டும் தாமான் வீட்டுக்கு வந்திருக்கிறது.

"இதுக்குப் பட்டன் இல்ல சாமி," என்றார். "ஆனா தப்பா வெச்சா மரம் காட்டிக் கொடுத்துரும்."

பால்மரம் நம் நாட்டுக்கு வந்த கதையில் பேராக்குக்குத் தனி இடம் உண்டு. 1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் ஒன்பதை அப்போதைய பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்துக்கு அருகே நிற்கிறது. மரத்தைக் கண்டபடி கொத்தாமல், அதே வெட்டுக்காயத்தில் மெல்லிய பட்டையை மறுபடி மறுபடி சீவிப் பால் எடுக்கும் முறையை 1890-களில் வகுத்தவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி. அந்த முறைக்கு ஏற்ற கத்திகள் பிறகு வந்தன. நம் தோட்டங்களில் அதிகம் புழங்கியது ஜெபோங் கத்தி. முனை வளைந்து, தன்பக்கம் இழுத்துச் சீவுவதற்கு ஏற்றபடி இருக்கும். ஜெபோங் என்ற பெயரில் லாருட் மாத்தாங் மாவட்டத்தில் ஓர் ஊரும் இருக்கிறது.

பால் ஓடும் குழாய்கள் பட்டைக்குள்தான் இருக்கின்றன. அவை நேர் செங்குத்தாக இல்லாமல் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து மேலே ஏறுகின்றன. அதனால்தான் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும்படி கோடு போடுகிறார்கள். அப்போது அதிகமான குழாய்கள் அறுபடும். குழாய்கள் நெருக்கமாக இருப்பது பட்டையின் உள்பகுதியில். அதற்கும் உள்ளே மரத்தை வளரச் செய்யும் மெல்லிய படலம் இருக்கிறது. கத்தி அதைத் தொடாமல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டு நிற்க வேண்டும். மேலோடு சீவினால் பால் குறையும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும். காயம் ஆறினாலும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கம் மறுபடி பால் வெட்ட முடியாமல் போகும்.

இந்தக் கணக்கைப் பாட்டி கற்றது பெரட்டு முடிந்து, விடியும் முன்னே, தலைவிளக்கு வெளிச்சத்தில். மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும் அந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். கோட்டுப்பாலை உரித்து, ஒரே சீராகச் சீவி, மங்கை வைத்துவிட்டு அடுத்த மரம். ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம். கத்தி மழுங்கியிருந்தால் பட்டை சீவாமல் பிய்யும், கை வலிக்கும், கங்காணியிடம் ஏச்சும் கிடைக்கும். அதனால் பால் ஸ்டோரிலிருந்து வந்து சமைத்து முடித்த பிறகு, தினமும் கத்தியைத் தீட்டி வைத்துவிட்டுத்தான் படுப்பாராம்.

கத்தியைக் காப்பது எப்படி?

அவர் சொன்னதையும் மடக்குக் கத்திக்குப் பொருந்துவதையும் சேர்த்துத் தருகிறேன். சமையலறைக் கத்திக்கும் இதில் பாதி பொருந்தும்.

• பயன்படுத்திய உடனே கழுவித் துடையுங்கள். மீன் இரத்தம், உப்பு நீர், எலுமிச்சைச் சாறு மூன்றும் எஃகை அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்பது துருவைத் தாமதப்படுத்தும் எஃகு. நம் ஊர் ஈரப்பதத்தில் அதிலும் புள்ளி விழும்.

• மடக்குக் கத்தியின் பலவீனமான இடம் அலகு திரும்பும் அச்சு. சட்டைப்பை நூலும் மணலும் அங்கேதான் சேரும். பழைய பல் துலக்கியால் தேய்த்து, நன்றாகக் காய வைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும்.

• பூட்டு சரியாக விழுகிறதா என்று பாருங்கள். பூட்டு தளர்ந்த கத்தி விரல்மேலேயே மடங்கும். ஸ்பிரிங் கத்திகளில் தொல்லை கூடுவதும் இங்கேதான். அழுக்கு சேர்ந்தால் அலகு பாதியில் நின்றுவிடும், தேய்ந்த முளை சட்டைப்பைக்குள்ளேயே அலகை விட்டுவிடலாம்.

• மழுங்க விடாதீர்கள். மழுங்கிய கத்திக்கு அதிக அழுத்தம் வேண்டும், அழுத்தினால் வழுக்கும். மடக்குக் கத்தியைக் கல்லில் பக்கத்துக்கு ஏறத்தாழ 20 பாகைச் சாய்வில், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தீட்டுங்கள்.

• தோல் உறைக்குள் பல மாதம் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பாட்டி செய்ததுபோல் எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

• வேலை முடிந்ததும் வீட்டில் வைத்துவிடுங்கள். காரில் விடாதீர்கள்.

மறுநாள் அவன் அந்த இணையப் பக்கத்தைத் திறக்கவில்லை. தூண்டில் பெட்டியில் துருப்பிடித்துக் கிடந்த தன் பழைய மடக்குக் கத்தியை எடுத்து வந்து, பின்கட்டுப் படியில் உட்கார்ந்து தீட்டத் தொடங்கினான். அரைமணி நேரம் கழித்துப் பாட்டியிடம் காட்டினான். அவர் பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை எடுத்து அலகை வைத்து இழுத்தார். தாள் பாதி அறுந்து, பாதி கிழிந்தது.

"இன்னும் கொஞ்சம் தீட்டுய்யா," என்று திருப்பிக் கொடுத்தார்.