வாத்துகளின் சண்டையும் வளர்ப்போர் கடமையும்

பிடரியில் இறகு முழுவதும் பிடுங்கப்பட்டு, முதுகில் தோல் கிழிந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு நிற்கும் பெட்டை வாத்தைக் காட்டி, "ஏதோ சீக்கு வந்துவிட்டது, என்ன மருந்து கொடுக்கலாம்?" என்று கேட்பவர்களை ஊருக்கு ஊர் காண்கிறேன். அருகிலேயே தொட்டியில் மூன்று ஆண் வாத்துகள் நீந்திக்கொண்டிருப்பதை மட்டும் அவர்கள் கவனிப்பதில்லை.

இனச்சேர்க்கைப் பருவத்தில் ஆண் வாத்து பெட்டையின் பிடரியை அலகால் கவ்வி முதுகில் ஏறுவது அதன் சுபாவம். ஒன்றுக்கு மூன்றாக ஆண்கள் சேர்ந்து ஒரே பெட்டையை மாறிமாறித் துரத்தும்போது அது கொடுமையாக முடிகிறது. நீரில் நிகழ்ந்தால் பெட்டை மூழ்கிச் சாவதும் உண்டு. ஐந்தாறு பெட்டைகளுக்கு ஓர் ஆண் போதும். குஞ்சு பொரிக்கும் உத்தேசமின்றி, வீட்டுக்கு முட்டை மட்டும் வேண்டுவோருக்கு அந்த ஓர் ஆணும் அவசியமில்லை. வால்நுனியில் மேல்நோக்கிச் சுருண்ட இறகும், கரகரத்து அடங்கிய குரலும் உடையது ஆண். உரக்கக் கத்துவது பெட்டை. இவ்வளவு எளிதில் அறியக்கூடியதைப் பாராமல், சந்தையில் கலந்து வாங்கிய குஞ்சுகளை அப்படியே வளரவிடும் அலட்சியமே பாதி உபத்திரவத்துக்குக் காரணம்.

ஆகவே, மிகுதியான ஆண்களை இன்றே பிரியுங்கள். பெட்டை கண்ணில் படாத தனி அடைப்பில் ஆண்கள் பெரும்பாலும் அமைதியாகவே வாழும். கோழிகளோடு ஆண் வாத்தை அடைப்பதும் கூடாது. அது கோழியின் மேல் ஏறினால் கோழிக்கு உள்காயம் நேரும். புதிதாக வாங்கியவற்றை எடுத்தவுடன் கூட்டத்தில் விடாமல், ஒன்றையொன்று பார்க்கும்படி கம்பிவலைக்கு அப்பால் ஓரிரு வாரம் வைத்துப் பழக்குங்கள். காயம்பட்டதை உலர்ந்த இடத்தில் தனியே வைத்து, கொதித்தாறிய உப்புநீரால் கழுவி, போவிடோன் அயோடின் தடவி, ஈ மொய்த்துப் புழு வைக்காமல் காத்து, அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் செல்லாதீர்கள். வாத்தின் கால் அதைத் தாங்காது. மருத்துவர் மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டையை உண்ணக்கூடாது என்பதையும் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். 1962 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்துக் கால்நடை மருத்துவ ஊர்தி உங்கள் ஊருக்கு வருமா என்றும் விசாரியுங்கள்.

இதைவிட அஞ்சத்தக்கது வேறொன்று. அடுத்தடுத்து வாத்துகள் சாவதும், கழுத்து திருகித் தள்ளாடுவதும், பச்சையாய் நீர்த்துக் கழிவதும், இமைகள் ஒட்டிக்கொள்வதும் சண்டையின் விளைவல்ல. வாத்து பிளேக்காகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, இத்தகைய நோய் உண்டெனச் சந்தேகிக்கும் உரிமையாளர் அதைக் கிராம அலுவலருக்கோ ஊராட்சிப் பொறுப்பாளருக்கோ தெரிவிப்பதும், நோயுற்றதைப் பிரித்துவைப்பதும் கடமை. வாய்ச்சொல்லாகச் சொன்னால் "பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள்; ஆதலின் எழுத்தில் கொடுங்கள். பெயர், முகவரி, மொத்த வாத்துகள், செத்தவை எத்தனை, எந்தெந்தத் தேதியில், என்ன அறிகுறி, கடைசியாக எங்கே எப்போது வாங்கியவை, அண்டை வீடுகளில் பறவைகள் செத்தனவா என்பவற்றை இரு பிரதிகளில் எழுதி, ஒன்றில் தேதியோடு கையொப்பமும் முத்திரையும் பெற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பிரதியைக் காட்டி மருந்தகத்திலும் தெரிவியுங்கள். அங்கும் அசிரத்தை காட்டினால் மாவட்டத் தலைநகரில் உள்ள கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அதுவும் பயனற்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் அதே விண்ணப்பத்தைச் சேர்த்துக் கொடுங்கள்.

செத்த பறவையைக் குளத்திலோ குப்பைமேட்டிலோ எறியாதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள், அறுத்துப் பார்க்கவும் செய்யாதீர்கள். மருத்துவர் பார்க்கும்வரை குழந்தைகளையும் நாய் பூனைகளையும் விலக்கிவையுங்கள். எஞ்சியவற்றை நஷ்டத்துக்கு அஞ்சி அவசரமாகச் சந்தைக்கு ஓட்டிச் செல்வோர் பலர். அது கூடவே கூடாது, மருத்துவர் சொல்லும்வரை ஒரு வாத்தும் உங்கள் வேலியைத் தாண்டக்கூடாது.