வன்னி நிலத்து வானொலி நேயர்

வானொலி கேட்போரை 'நேயர்' என அழைப்பது தமிழ் வழக்கு. நேயம் என்பது அன்பு. ஆதலின், கேட்பவர் என்பதற்கு மேலாக அன்புடையவர் என்னும் பொருளும் அச்சொல்லுள் அடங்கிக் கிடக்கின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் கண்டறியாத பல்லாயிரம் பேர், ஒரே வேளையில் ஒரே குரலுக்குச் செவிசாய்ப்பதனால் ஒரு கூட்டமாகின்றனர். அக்கூட்டத்துக்குப் பதிவேடு இல்லை, சந்தா இல்லை, தலைவரும் இல்லை. இத்தகைய கூட்டத்தினின்று பல்லாண்டுகள் பிரிந்திருந்தவர் மீண்டும் வந்து சேர்வது எவ்வாறு? வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

இலங்கையில் வானொலி 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பிலே முறையாகத் தொடங்கியது. எட்வேட் ஹாப்பர் என்னும் தந்திப் பகுதிப் பொறியியலாளர் அதற்கு வித்திட்டவர். 1949இல் அது 'ரேடியோ சிலோன்' என்னும் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டில் வர்த்தக ஒலிபரப்புத் தோன்றியது. 1967இல் அந்நிலையம் கூட்டுத்தாபனமாக மாறியது. எஸ். பி. மயில்வாகனம் முதலிய அறிவிப்பாளர்களின் குரல் கடல் கடந்து தமிழகத்திலும் ஒலித்தது.

ஆயினும், தொடக்கக் காலத்து வானொலிப் பெட்டி மின்சாரத்தையோ பெரிய பற்றரியையோ வேண்டி நின்றது. மின்கம்பி எட்டாத வன்னிச் சிற்றூர்களுக்கு அது எளிதிற் கிட்டும் பொருளன்று. 1947இல் திரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டதும், பின்னர் அதனைக் கொண்டு சிறு பெட்டிகள் செய்யப்பட்டதும் இந்நிலையை மாற்றின. சில சிறு பற்றரிகளைக் கொண்டு இயங்கும் பெட்டியை உழவர் வயல் வரம்பிலே வைத்துக் கேட்கலாயினர். இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழ்ந்த கிளிநொச்சிக் குடியேற்றங்களிலும், முள்ளியவளையிலும், நெடுங்கேணியிலும் நேயர் தோன்றினர். 'நேயர் விருப்பம்' போன்ற நிகழ்ச்சிகளுக்குத் தபாலட்டைகள் சென்றன. ஒரு பாடலுக்கு முன்னர், அதனை விரும்பியவர்களின் பெயர்களும் ஊர்களும் வரிசையாக வாசிக்கப்பட்டன. தன் பெயரும் ஊரும் கொழும்பிலிருந்து ஒலிக்கக் கேட்ட இளைஞன், தானும் நாட்டிலே ஓர் ஆள் என உணர்ந்தான்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. வடபகுதிக்குச் செல்லும் பொருள்கள் பலவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருளோடு பற்றரியும் அத்தடைக்கு உட்பட்டது. மின்சாரமும் இல்லை. பெட்டி இருந்தும் அது ஊமையாயிற்று. அப்பொழுது மக்களுக்குக் கைகொடுத்தது துவிச்சக்கரவண்டி.

வண்டியின் விளக்குக்கெனச் சக்கரத்தின் அருகே பொருத்தப்படும் சிறு கருவி தைனமோ. அதனுள்ளே காந்தமும் கம்பிச்சுருளும் உண்டு. சக்கரம் சுழலுங்கால் ஒன்று மற்றொன்றன் அருகே சுழல, கம்பியிலே மின்னோட்டம் தோன்றுகின்றது. விளக்கெரிக்க அது போதும். ஆனால் அம்மின்னோட்டம் முன்னும் பின்னுமாகத் திசை மாறி ஓடுவது. வானொலிக்கு வேண்டியதோ ஒரே திசையில் ஓடுவது. எனவே, ஒரு திசைக்கு மட்டும் வழிவிடும் தையோட்டு என்னும் சிறு உறுப்பை இடையிலே இணைத்தனர். ஏற்ற இறக்கத்தைத் தணிக்க மின்கொள்ளளவி ஒன்றையும் சேர்த்தனர். பின்னர் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றினர். சுற்றும் கை தளர்ந்தால் குரல் மங்கும். கை விரைந்தால் குரல் தெளியும்.

இவ்வாறு கேட்கும் முறை நேயர் கூட்டத்தின் இயல்பையே மாற்றியது. முன்னர் வீட்டுக்கொரு பெட்டி. இப்பொழுதோ ஒரு பெட்டியைச் சூழப் பல வீட்டார். சுற்றுவோர் ஒருவர், நிலையத்தைத் தேடிப் பிடிப்போர் ஒருவர், சூழ இருந்து கேட்போர் பலர். கேட்கும் பொருளும் மாறியது. பாடலினும் செய்தியே முதலிடம் பெற்றது. வன்னியில் இயங்கிய புலிகளின் குரலையும், கொழும்பு வானொலியையும், திருச்சி வானொலியையும், மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாசையும், லண்டனிலிருந்து இரவு ஒன்பதேகாலுக்கு ஒலித்த பி.பி.சி. தமிழோசையையும் மக்கள் ஒப்பிட்டுக் கேட்டனர். ஒன்று சொல்லாததை மற்றொன்று சொல்லக்கூடும். எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்தது என்பன உயிரோடு தொடர்புடைய செய்திகள். அவற்றுக்காகவே அத்தனை கைகளும் மாறி மாறி மிதியைச் சுழற்றின.

2002இல் போர்நிறுத்தம் வந்தது; ஏ-9 வீதி திறந்தது; பற்றரியும் வந்தது. ஆனால் அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. 2008இலும் 2009இலும் மக்கள் ஊரூராக இடம்பெயர்ந்தனர். கொண்டுசெல்ல முடியாதவை வழியிலே விடப்பட்டன; வானொலிப் பெட்டியும் அவற்றுள் ஒன்று. 2009 மே மாதத்திலே போர் முடிந்தபோது, இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளம் முதலிய இடங்களின் முகாம்களில் இருந்தனர். அவற்றுட் பெரியதாகிய மெனிக் பாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. அடுத்த ஆண்டு கிளிநொச்சிக்கு மீண்டும் புகைவண்டி வந்தது.

ஊர் திரும்பியவர் எதனைப் பெறவும் ஆவணம் காட்ட வேண்டியிருந்தது. காணிக்கு உறுதி வேண்டும். பாடசாலைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். உதவி பெற அடையாள அட்டை வேண்டும். இவற்றையெல்லாம் இடப்பெயர்விலே தொலைத்தவர் பலர். வானொலி மட்டும் எதனையும் கேட்கவில்லை. பெட்டியைத் திருகியவுடனே ஒருவர் மீண்டும் நேயராகிவிடுகின்றார். 'இத்தனை ஆண்டு எங்கே இருந்தீர்?' என்று அங்கே வினவுவார் இல்லை.

எனினும், திரும்பி வந்தவர் கண்ட கூட்டம் பழைய கூட்டமன்று. அன்று கேட்ட குரல்கள் சில அடங்கிவிட்டன. அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா 1994இல் உயிரிழந்தார். இராஜேஸ்வரி சண்முகம் 2012இல் மறைந்தார். அலையும் மாறிவிட்டது. சிற்றலை வானின் உயர்ந்த படையிலே பட்டுத் திரும்பி, இரைச்சலோடேனும் கடல் கடந்து வரும். பண்பலையோ தெளிவாக ஒலிக்கும். ஆனால் நெடுந்தொலைவு செல்லாது. தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆந் திகதியோடு தன் வானொலி ஒலிபரப்பை நிறுத்தியது. தபாலட்டையின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. ஒரு பெட்டியைச் சூழ இருந்தோரின் பிள்ளைகள் இன்று தத்தம் காதிலே தனித்தனியாகக் கேட்கின்றனர்.

இவற்றினும் ஆழமான மாற்றம் ஒன்றுண்டு. பதிவேடு இல்லாமையால் எவரும் தடையின்றித் திரும்பி வர முடிந்தது உண்மையே. அதே காரணத்தால், எவர் திரும்பி வரவில்லை என்பதை நிலையம் அறியாது. பெயர் வரிசை வாசிக்கப்படும்போது, அதிலே இல்லாத பெயர் எந்த அறிவிப்பாளருக்கும் தெரியாது. தன் பெயரோடு சேர்த்து அன்று எழுதப்பட்ட தம்பியின் பெயரையோ அயலவரின் பெயரையோ எண்ணிப் பார்ப்பவர், வீட்டிலே இருந்து கேட்கும் நேயர் ஒருவரே. பழைய பாடல் ஒன்று ஒலிக்கும்போது சிலர் பெட்டியின் ஒலியைக் கூட்டுவதும், சிலர் நிறுத்திவிடுவதும் இதனாலேயே ஆம்.

ஆதலின், நேயரின் பெயரையும் ஊரையும் வாசிப்பதனை நேரம் போக்கும் செயலென எண்ணுதல் தவறு. பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்னும் பெயர்கள் நெடுங்காலம் போர்ச் செய்திகளிலேயே ஒலித்தன. அவை ஒரு பாடலின் முன்னே ஒலிக்கும்போது, அங்கே மீண்டும் மக்கள் குடியிருக்கின்றனர், மாலையிலே இளைப்பாறுகின்றனர் என்பது நாட்டுக்கே அறிவிக்கப்படுகின்றது. அன்று மிதியைச் சுழற்றிய கைகளுக்கு இன்று அந்த உழைப்பு வேண்டியதில்லை. அவர்களின் ஊர்ப் பெயரைப் பிழையின்றி உச்சரித்து வாசிக்கும் உழைப்பு நிலையத்தைச் சார்ந்தது.